ஓரெழுத்துச் சொல்

மாநகர சபை மண்டபத்தின் பின்சுவரில்
கண்ணாடி போட்ட ஒரு கூண்டு.
பதினெட்டு வருடம் அதற்குள் இருந்து
பிறருடைய கோபத்தைச் சம்பளத்துக்குப் பேசினேன்.

ரெஜினா பாக்கியசீலி வந்தது
பெண்களுக்கென்று ஒதுக்கிய பட்டியலில்,
கட்சி கடைசி இரவில் எழுதிச் சேர்த்த பெயராக.
கையுறைத் தொழிற்சாலையின் நீலச் சட்டையோடே
155இல் இருந்து இறங்குவார்.
காவலாளி முதல் மாதம் முழுக்க
அடையாள அட்டை கேட்டான்.
முதல் மாதம் முழுக்கக் காட்டினார்.
இரண்டாம் மாதம் அவனுடையதைக் கேட்டார்.

அவருடைய தோட்டத்தில்
(பூவில்லை, மரமில்லை,
கொழும்பில் அதற்குப் பெயர் தோட்டம்)
நூற்றுப் பன்னிரண்டு வீட்டுக்கு ஆறு கக்கூசு.
இரண்டுக்குத்தான் கதவு.

அதையே பேசினார்.
வரவு செலவுத் திட்டத்தில் கக்கூசு.
வெசாக் பந்தலுக்கு நிதி கேட்ட நாளில் கக்கூசு.
"வந்திட்டுது வாசனை" என்பார்கள் பின்வரிசையில்,
அதை மொழிபெயர்க்க எனக்குக் கட்டளையில்லை.

ஒருமுறை பசிபிக் தீவொன்றிலிருந்து
விருந்தினராக வந்தார் ஒரு பெண் உறுப்பினர்.
அவர் ஊரில் கடல் ஏறி மலக்குழிக்குள் வருகிறதாம்.
கையால் காட்டினார், இடுப்பளவு.
ரெஜினா கையால் காட்டினார், முழங்காலளவு.
இருவரும் சிரித்தார்கள்.
அன்று எனக்கு வேலை இருக்கவில்லை.

பிறகு, மழை விட்ட ஒரு ஜூன் செவ்வாய்.
"எங்கட பிள்ளையள் பீக்குள்ளால நடந்து
பள்ளிக்கூடம் போகுதுகள்" என்றார்.
நான் சிங்களத்தில்
'அபத்ரவ்ய' என்றேன்.
கழிவுப் பொருட்கள். சுகாதாரச் சவால். சிறுவர்கள்.
ஒருவரும் நிமிரவில்லை.
பற்றீஸ் தின்றுகொண்டிருந்தவர்
தொடர்ந்து தின்றார்.

தேநீர் இடைவேளையில் கூண்டைத் தட்டினார்.
மீன் சந்தையில் விலை குறைக்கிற
சுத்தமான சிங்களத்தில் கேட்டார்:
"அண்ணன், நான் சொன்னது எங்கே போச்சு?"
எனக்கு வியர்த்தது.
இவ்வளவு தெரிந்தால் நீங்களே பேசலாமே என்றேன்.
தமிழுக்குத் திரும்பினார்.
"கடைக்கு அந்தப் பாஷை போதும்.
இங்க என்ட பாஷைக்கும் ஒரு கதிரை போட்டிருக்கு.
நான் எழும்பினா
வேற ஆள் குந்திடும்."

மூன்று கதவுகள் வந்தன. ஒன்று திருட்டுப் போனது.
ஒப்பந்தக்காரனின் வாசலில் பெண்களோடு இரண்டு நாள் இருந்தார்,
பொலிஸ் நிலையத்தில் ஒரு இரவு.
அடுத்த பட்டியலில் அவர் பெயர் இல்லை.

கடைசி அமர்வு.
எழுந்து, அந்த ஜூன் மாதத்து வசனத்தையே
ஒரு புள்ளி மாறாமல் சொன்னார்.
சொல்லிவிட்டு மேயரைப் பார்க்கவில்லை,
திரும்பிக் கண்ணாடியைப் பார்த்தார்.

தமிழில் அது ஓரெழுத்துச் சொல்.
சிங்களத்திலும் ஓரெழுத்துத்தான்.
அவ்வளவு சின்னதைத் தூக்க
எனக்கு இரண்டரை வருடம் எடுத்தது.

சொன்னேன்.

காதில் மாட்டியவற்றை ஒவ்வொருவராய்க் கழற்றினார்கள்,
வயர் வழியாக ஒழுகினாற்போல.
பற்றீஸ் மேசைக்குப் போனது.
அந்தச் சொல்லைப் பதிவிலிருந்து நீக்குமாறு
மேயர் கட்டளையிட்டார்.
கட்டளையையும் நானே தமிழாக்கினேன்,
எந்தச் சொல் என்று விளங்க வேண்டுமே,
இன்னொருமுறை உரக்கச் சொல்லி.

எனக்கு விளக்கம் கோரிக் கடிதம் வந்தது.
இன்னும் பதில் எழுதவில்லை.

இன்று மதியம் மாடிச் சாளரத்தால் பார்த்தேன்.
எதிர்ப்பக்கப் பாதையில் முப்பது பெண்கள்,
நடுவில் நீலச் சட்டை,
ஒரு பழைய தகரக் கதவைத் தூக்கிப் பிடித்தபடி.
பஸ் இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை.
வாயசைவு தெரிந்தது.

பழக்கதோஷம்,
என் உதடும் அசைந்தது.